நாடாவுக்கு எண் இல்லை

"எல்லாம் உங்க சிவப்பு நாடா!" என்று
உமையாள் மேசையைத் தட்டியபோது
என் கையிலிருந்த உருண்டையைப் பார்த்தேன்.
"வெள்ளைம்மா" என்றேன்.
கேலி இல்லை. உண்மையிலேயே வெள்ளை.

தேவகோட்டை நீதிமன்றம், பதிவறை,
சித்திரை வெயில், மூன்று மணி.
மின்விசிறி இருக்கிறது. சுற்றுவதற்குச்
சிவகங்கைக்கு எழுதியிருக்கிறோம்.

நான்காவது முறையாக வந்திருக்கிறாள்.
முதல் தடவை கட்டண வில்லை குறைவு.
இரண்டாம் தடவை வில்லை இருந்தது, எழுத்தர் இல்லை.
மூன்றாம் தடவை எழுத்தர், அதாவது நான், இருந்தேன்;
சாவி யாரிடமோ இருந்தது.

கேட்பது ஒரு நகல்.
முப்பத்தெட்டாம் வருஷம்
இரண்டாம் கட்டில் ஓர் உள்வீடு
எந்தப் புள்ளிக்கு என்று தீர்த்த தாள்.
வீடு வாங்க வந்தவர் அதைக் கேட்கிறாராம்.
இவளுக்கு இருபத்தெட்டில் ஒரு பங்கு. அதிலும்
கதவு ஒருவருக்கு, கதவின் நிலை இன்னொருவருக்கு.

சொல் வெள்ளைக்காரனுடையது.
அவன் ஊர் வக்கீல்களும் அலுவலகக்காரர்களும்
காகிதங்களைச் சிவப்பு நாடாவால் கட்டிவைத்தார்கள்.
அவிழ்க்க நேரமாகும்.
கட்டினவனே வந்து அவிழ்க்க வேண்டும்.
அவன் சாப்பிடப் போயிருப்பான்.
வெளியே காத்துக் கிடந்தவர்கள்
நாடாவைத் திட்டித் திட்டி
அதற்கு இன்னொரு பொருள் உண்டாக்கினார்கள்.

பொருள் கப்பலேறி வந்து இங்கேயே தங்கிவிட்டது.
நிறம்தான் நடுவில் எங்கோ இறங்கிக்கொண்டது.
கிடங்கு சவரிமுத்து இன்றும் பட்டியலில்
"நாடா, சிவப்பு, பன்னிரண்டு உருண்டை" என்றே எழுதுகிறார்.
வெள்ளைதான் வருகிறது.
வெள்ளை என்று எழுதினால் என்ன வரும்?
யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

நமக்கு இரவல் சொல் எதற்கு?
வழக்குக் கட்டு. வீட்டில் இரண்டாம் கட்டு.
பணத்தைக் கட்டு, ரசீதை வாங்கு,
வாங்கினதைக் கட்டோடு சேர்த்துக் கட்டு.
நாடா என்பதைப் பிரித்துப் பார்த்தால்
நாடாதது என்றும் வரும்:
யாரும் நாடா அறை, யாரும் நாடாத் தட்டு.
இதை அவளிடம் சொல்லவில்லை.
மறுபடி மேசையைத் தட்டியிருப்பாள்.

ஏணி போட்டேன்.
வௌவால் எச்சம், ஒரு செத்த பல்லி,
அதற்கடியில் அசல் வழக்கு நாற்பத்தொன்று.
ஊதினேன்.
சிவப்பு.

வெளுத்த சிவப்பு, ஆறின தழும்பின் நிறம்.
இருபத்தாறு வருஷ சர்வீஸில் முதல் தடவை.
பெயர் மட்டும் கேள்விப்பட்ட பெரிய மனுஷர்
பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த மாதிரி
கொஞ்சம் நகர்ந்து நின்றேன்.

முடிச்சு அசையவில்லை.
வெட்டக் கூடாது, விதி.
உமையாள் கொண்டை ஊசியை உருவினாள்.
குனிந்தாள். பேச்சில்லை.
"யாரோ கோபத்துல கட்டியிருக்காங்க" என்றாள்,
ஊசி உள்ளே நுழைந்த பிறகு.

தாள் கிடைத்தது. நகல் புதன்கிழமைதான்,
நீதிபதி கையெழுத்து வேண்டும்.
"எல்லாம் உங்க..." என்று தொடங்கியவள்
மேசைமேல் சுருண்டு கிடந்ததைப் பார்த்து
நிறுத்திக்கொண்டாள்.
"இதை எடுத்துக்கட்டுமா?"

பதிவேட்டைப் புரட்டினேன்.
பிராது, எதிருரை, சாட்சியம், தீர்ப்பு,
ஒவ்வொரு தாளுக்கும் எண்.
கிழிந்த மூலைக்குக்கூட ஒரு குறிப்பு.
நாடாவுக்கு எண் இல்லை.
எண் இல்லாததற்கு மனுப் போட முடியாது,
மனு இல்லாததை மறுக்கவும் முடியாது.

அவள் பையின் ஜிப் பிய்ந்திருந்தது.
குறுக்கே இரண்டு சுற்று, ஓர் உருவு முடிச்சு.
காரைக்குடி பஸ்ஸுக்கு ஓடினாள்,
கையெழுத்தில்லாமல் இந்த அறையைவிட்டு
வெளியே போன ஒரே பொருளோடு.

கட்டை வெள்ளையால் மறுபடி கட்டினேன்.
தளர்த்தியாகத்தான்.
சவரிமுத்து பார்த்தால்
அவிழ்ந்துவிடும் என்பார்.